நாமும் ஒரு மின்தடைதான்: இயற்பியல் ஆய்வகத்தின் ஆபத்துக் கணக்கு

எலெக்ட்ரீஷியன் சட்டைப்பையில் செருகி வைத்திருக்கும் டெஸ்டரைப் பலரும் பயன்படுத்தியிருப்போம். முனையை பிளக் துளையில் வைத்து, தலைப்பக்கத்து உலோகத்தை விரலால் தொட்டால் உள்ளே நியான் சிவப்பாக எரியும். விரலை எடுத்தால் அணைந்துவிடும். மின்னோட்டம் நம் விரல் வழியே உடலுக்குள் புகுந்து, காலடியில் தரைக்குப் போய்ச் சுற்றை முடித்துவைப்பதால்தான் அது எரிகிறது. டெஸ்டருக்குள் ஏறக்குறைய 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 0.23 மில்லிஆம்பியர். அவ்வளவு சிறிய மின்னோட்டம் நமக்கு உறைக்காது. அந்த மின்தடையைச் சுற்றிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சுவது நாம் மட்டும்.

வேதியியல் ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே அமில நெடி நம்மை எச்சரித்துவிடும். இயற்பியல் ஆய்வகத்தில் நெடியும் இல்லை, புகையும் இல்லை. மேசையில் இருப்பவை கம்பியைக் கொண்டு மின்தடை அளக்கும் மீட்டர் சமனச்சுற்றும், ஒளியைப் பிரித்து அளக்கும் நிறமாலைமானியும், நாலைந்து எடைகளும்தான். பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மாணவர்களுக்கு இருக்கும் கவலையெல்லாம் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதைப் பற்றியது. சுவரில் பாதுகாப்பு விதிகள் ஒட்டியிருக்கும். ஆனால் அந்த விதிகளுக்குக் காரணமான எண்களை யாரும் சொல்லித் தருவதில்லை. அந்த எண்களெல்லாம் அதே வகுப்பில் படிக்கும் பாடத்திலிருந்தே வருகின்றன என்பதுதான் வேடிக்கை.

அடிப்படை: எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம்

‘ஆளைக் கொல்வது வோல்ட் இல்லை, ஆம்பியர்’ என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. உடலைப் பாதிப்பது மின்னோட்டம்தான். அந்த மின்னோட்டம் எவ்வளவு என்று தீர்மானிப்பது மின்னழுத்தமும் வழியில் உள்ள மின்தடையும். நம் வீடுகளுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம் கை வழியாக உடலுக்குள் போனால் தோராயமாக நடப்பவை:

1. 1 மில்லிஆம்பியர் அளவில் சுருக்கென்று ஓர் உணர்வு.
2. 10 மில்லிஆம்பியரை ஒட்டி, கைத் தசைகள் இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் கை விடாது. ‘கரண்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு’ என்று மக்கள் சொல்வது இதைத்தான். மின்சாரம் இழுப்பதில்லை, நம் தசையே நமக்கு எதிராக மூடிக்கொள்கிறது.
3. 30 மில்லிஆம்பியருக்கு மேல் மூச்சுத் தசைகள் பாதிக்கப்படும். நேரம் நீண்டால் இதயத்துக்கும் ஆபத்து.
4. 100 மில்லிஆம்பியர் ஒரு விநாடி அளவுக்கு நீடித்தால், இதய அறைகள் ஒழுங்காகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கத் தொடங்கலாம். ரத்தம் வெளியே தள்ளப்படாது. பெரும்பாலான மின்சார மரணங்கள் இப்படித்தான் நேர்கின்றன.

அடுத்தது மின்தடை. உலர்ந்த தோலின் மின்தடை பல்லாயிரம் ஓம் இருக்கும். வியர்த்தால் மளமளவென்று குறையும். போதாததற்கு, மின்னழுத்தம் உயர்ந்தால் தோலின் காப்பே உடைந்துவிடும். அப்போது மிஞ்சுவது உள்ளே இருக்கும் உப்பு நீர்க் கரைசல்தான்: ஏறக்குறைய 1,000 ஓம். எனவே மோசமான நிலையில் 230 வோல்ட் தருவது 230 மில்லிஆம்பியர். பேட்டரிக்குப் பதிலாகச் சுவர் பிளக்கில் மாட்டும் 6 வோல்ட் பேட்டரி எலிமினேட்டர் அதே நிலையில் தருவது 6 மில்லிஆம்பியர். சமனச்சுற்றின் கம்பியைத் தொடலாம், அதற்கு மின்சாரம் தரும் எலிமினேட்டர் பிளக்கின் பித்தளை முனையைத் தொடக்கூடாது என்பதன் கணக்கு இவ்வளவுதான்.

நேரம் என்பது தனிக் கணக்கு. அதே மின்னோட்டம் ஒரு விநாடியில் நூறில் சில பங்கு நேரமே ஓடினால் பெரும்பாலும் இதயம் தப்பிவிடும். இரண்டு விநாடி ஓடினால் சொல்ல முடியாது. அடுத்து வரும் கருவிகளில் ஆளைக் காப்பவை இந்த நேரத்தைக் குறைப்பதற்காகவே இருக்கின்றன.

ஃப்யூஸ் யாரைக் காக்கிறது?

ஆய்வகச் சுவரில் ஃப்யூஸ் இருக்கிறது, எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) இருக்கிறது, அதனால் பயமில்லை என்று ஆசிரியர்களே சொல்வதுண்டு. 5 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் அது உருகுவதற்கு 5,000 மில்லிஆம்பியருக்கு மேல் வேண்டும். நம் இதயத்தை நிறுத்த 100 போதும். ஃப்யூஸ் காப்பாற்றுவது சுவருக்குள் ஓடும் ஒயரையும், அதன் வழியே கட்டடத்தையும். தொட்டவர் அதன் கணக்கிலேயே வரமாட்டார்.

ஆளைக் காப்பதற்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. முதலாவது எர்த். கருவியின் உலோக உடலைப் பச்சை ஒயர் வழியாக மண்ணோடு இணைத்துவிடுகிறோம். உள்ளே ஃபேஸ் ஒயர் அறுந்து உடலில் பட்டால், பெரிய மின்னோட்டம் எர்த்துக்குப் பாயும், ஃப்யூஸ் போகும், கருவி செத்துவிடும். மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதும் இதற்காகத்தான்: செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, அவ்வப்போது தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். கட்டடம் கட்டியபோது தோண்டிய குழியை அதற்குப் பிறகு திரும்பிப் பார்க்காத பள்ளிகள் ஏராளம். கோடையில் மண் காய்ந்து, எர்த்தின் மின்தடை 20 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதைச் சாதாரணச் சுமை என்று நினைத்து அசையாமல் இருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, கருவியின் உடலில் கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் இருக்கிறது.

இரண்டாவது ஏற்பாடு ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று இது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். திரும்பி வருவது 30 மில்லிஆம்பியர் குறைந்தால், அது வேறெங்கோ, ஒருவேளை ஓர் ஆளின் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். உடனே இணைப்பைத் துண்டிக்கும்: 30 மில்லிஆம்பியர் கசிவுக்கு 0.3 விநாடிக்குள், கசிவு அதிகமானால் இன்னும் வேகமாக. மின்னோட்டத்தின் அளவை இது குறைப்பதில்லை; நேரத்தை மட்டும்தான் குறைக்கிறது. அதனால் ஷாக் அடிக்கத்தான் செய்யும், உயிர் தப்பும். ஒரு கை ஃபேஸிலும் மறுகை நியூட்ரலிலும் இருந்தால் ஆர்.சி.சி.பி.க்கு எந்த வேறுபாடும் தெரியாது. அதன் கண்ணுக்கு நாம் ஒரு பல்பு மாதிரி.

பழைய கட்டடங்களில் இன்னொரு குழப்பம்: முன்பு ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. இப்போது கருவிகளோடு வரும் ஒயர்களில் ஃபேஸ் பழுப்பு, நியூட்ரல் நீலம், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு. பழைய சுவரில் புதுக் கருவியை மாட்டும்போது நிறத்தை நம்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்ப்பதே சரி.

வாசலில் கழற்றிய செருப்பு

நம் ஊர்ப் பள்ளிகளில் ஆய்வகத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக விடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தூசி வராது என்பார்கள். படிக்கும் இடத்துக்கு மரியாதை என்பார்கள். கணினி அறையில் அதனால் பெரிய கெடுதல் இல்லாமல் போகலாம். இயற்பியல் ஆய்வகத்தில் அது நேரடியாகச் சுற்றின் மின்தடையைக் குறைக்கும் செயல்.

கணக்கு இதோ. உலர்ந்த ரப்பர் செருப்போடு நிற்பவருக்கும் தரைக்கும் இடையே லட்சக்கணக்கான ஓம் இருக்கும். ஃபேஸை ஒரு கையால் தொட்டாலும் டெஸ்டரில் நடந்தது மாதிரிதான் நடக்கும். செருப்பில்லாமல், அப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்த மொசைக் தரையில் நின்றால்? உடலுக்கு 1,500 ஓம், பாதம் தொடும் தரைக்கு 3,000 ஓம் என்று கொண்டால் மின்னோட்டம் 51 மில்லிஆம்பியர். அதுவும் கையிலிருந்து காலுக்கு, மார்பு வழியாக. செருப்பு ரேக்கை வாசலிலிருந்து எடுத்துவிடுவது பைசா செலவில்லாத பாதுகாப்பு. தரையில் விழும் எடைகளுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் காலைக் காப்பதும் அதே செருப்புதான். ஷூ என்றால் இன்னும் நல்லது.

ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு மறுகையால் வேலை செய்யும் பழக்கமும் இதே கணக்கிலிருந்து வந்தது. இரண்டு கையாலும் தொட்டால் மின்னோட்டத்தின் பாதை இதயத்தைக் கடக்கிறது.

எர்த் பின் வெட்டிய சி.ஆர்.ஓ.

சி.ஆர்.ஓ. என்பது மின் அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப். கல்லூரி மின்னணுவியல் ஆய்வகங்களில் நடக்கும் ஆபத்தான வேலைகளில் முதலிடம் அதன் எர்த் பின்னை வெட்டுவதற்குத்தான் தருவேன், ஏனென்றால் இதைச் செய்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

சி.ஆர்.ஓ.வைச் சுற்றோடு இணைக்கும் ஒயரான புரோபில் இரண்டு முனைகள்: ஒன்று கூர்மையான முனை, இன்னொன்று முதலைக் கவ்வி. கவ்வி கருவியின் உலோக உடலோடும், அதன் வழியே பிளக்கின் எர்த் பின்னோடும் இணைந்திருக்கிறது. அதாவது கவ்வியைச் சுற்றின் எந்தப் புள்ளியில் மாட்டினாலும் அந்தப் புள்ளி எர்த் ஆகிவிடும்.

6 வோல்ட் மின்மாற்றியோடு, மாறுமின்னோட்டத்தை ஒருதிசையாக்கும் அலைதிருத்தி சோதனை செய்யும்போது இது தொல்லையாகத்தான் தெரியும். நான்கு டயோடுகள் கொண்ட பாலச் சுற்றில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் ஒரே நேரத்தில் பார்க்க ஆசைப்பட்டு, இரண்டு சானலின் கவ்விகளையும் இரண்டு இடத்தில் மாட்டினால் ஒரு டயோடு குறுக்குச்சுற்றாகிப் புகையும். இரண்டு கவ்விகளும் சி.ஆர்.ஓ.வுக்குள் ஒன்றுதான் என்பதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி, நேரே 230 வோல்ட்டில் ஓடும் டிரையாக் (மின்னணு சுவிட்ச்) சுற்றுக்குப் போனால் தொல்லை பெரிதாகிறது. கவ்வி ஃபேஸில் பட்டால் அது எர்த்தோடு நேர் இணைப்பு. பட்டென்று வெடித்து எம்.சி.பி. விழும். இப்போது யாரோ ஒரு ‘தீர்வு’ சொல்வார்: சி.ஆர்.ஓ. பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு, அல்லது இரண்டு பின் அடாப்டரில் செருகு. எம்.சி.பி. விழுவது நின்றுவிடும், திரையில் அலைவடிவம் அழகாக வரும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. கவ்வி ஃபேஸில் இருக்கும்வரை, சி.ஆர்.ஓ.வின் உலோகப் பெட்டி, புரோபு மாட்டும் உலோக வளையம், குமிழ்களின் அச்சு எல்லாமே 230 வோல்ட்டில் இருக்கின்றன. அடுத்த வகுப்பு மாணவர் வந்து ஒளிர்வைக் கூட்டப் பெட்டியில் கை வைப்பார்.

சரியான வழிகள் மூன்று:

1. சோதிக்கும் சுற்றை 1:1 தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியே இயக்குவது. சி.ஆர்.ஓ.வின் எர்த்தைத் தொடவே கூடாது.
2. இரண்டு சானல்களின் கூர்முனைகளை மட்டும், அந்த மின்னழுத்தத்தைத் தாங்கும் புரோபுகளோடு பயன்படுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பது. இந்த வசதி பெரும்பாலான இரட்டைச் சானல் சி.ஆர்.ஓ.க்களில் இருக்கிறது.
3. வேறுபாட்டு அளவீட்டுக்கென்றே செய்யப்பட்ட புரோபு வாங்குவது.

முதல் வழியிலும் ஓர் எச்சரிக்கை தேவை. தனிமைப்படுத்திய பக்கத்தில் இரண்டு முனைகளையும் ஒருவர் தொட்டால் சுவரில் உள்ள ஆர்.சி.சி.பி. அதைக் காணாது.

‘ஆறு வோல்ட்தானே!’

குறைந்த மின்னழுத்தம் உடலுக்குள் ஆபத்தான மின்னோட்டத்தைச் செலுத்தாது என்று மேலே பார்த்தோம். அதை மட்டும் நம்பினால் நான்கு இடங்களில் ஏமாறுவோம்.

ஒன்று, ஈய-அமில மின்கலன். 2 வோல்ட்தான், ஆனால் உள் மின்தடை நூறில் ஓரிரு பங்கு ஓம். மோதிரமோ உலோக வளையலோ இரண்டு முனைகளையும் இணைத்தால் 100 ஆம்பியர் வரை பாயலாம். மோதிரம் பழுக்கக் காய்வதற்குள் விரலிலிருந்து கழற்ற நேரம் இருக்காது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனும் வெளிவரும் என்பதால், சார்ஜ் போடும் இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும், தீப்பொறி கூடாது.

இரண்டு, மின்தூண்டி. 1 ஹென்றி சுருளில் 1 ஆம்பியர் ஓடுகிறது. சாவியை எடுத்து ஒரு மில்லிவிநாடியில் அதைச் சுழியாக்கினால் தூண்டப்படும் மின்னழுத்தம் 1,000 வோல்ட். மூலமாக இருந்தது 6 வோல்ட் பேட்டரிதான். சாவி முனையில் தெறிக்கும் பொறி அதைத்தான் சொல்கிறது.

மூன்று, தலைகீழாக மாட்டிய மின்மாற்றி. 230-ஐ 6 ஆக்கும் பெட்டி, 6 வோல்ட் மாறுமின்னழுத்தத்தை மறுபக்கத்தில் கொடுத்தால் 230 ஆக்கித் தரும். அதற்கு எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று தெரியாது.

நான்காவதுதான் விஷமத்தனமானது: மின்தேக்கி. சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்னூட்டத்தை வைத்திருக்கும். 100 மைக்ரோஃபாரட், 400 வோல்ட் என்றால் ½CV² சூத்திரப்படி 8 ஜூல். ஆளைத் தூக்கிப்போட இது தாராளம். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1750 டிசம்பரில் இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளில் மின்னூட்டம் சேமித்து, அதைக் கொண்டு ஒரு வான்கோழியைக் கொல்லப் பார்த்தார். ஒரு கை ஜாடிகளின் மேல்கம்பியில், மறுகை வெளிப்புறத்தோடு இணைந்த சங்கிலியில். சுற்றில் வான்கோழி இருந்த இடத்தில் அவரே இருந்தார். பெரிய ஒளியும் துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தமும் வந்ததாக உடனிருந்தவர்கள் சொன்னார்கள். நினைவு தப்பியதால் தான் எதையும் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை என்று அவரே எழுதிவைத்தார். மின்னியலில் அன்று உலகிலேயே அதிகம் தெரிந்தவர்களில் ஒருவர் அவர்.

மின்தேக்கியைச் ஸ்க்ரூடிரைவரால் குறுக்கே தொட்டு ‘டப்’ என்று இறக்குவது பலருடைய வழக்கம். உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கும். காப்பிட்ட பிடியுள்ள ஒயர்களோடு 2,000 ஓம், தாராளமான வாட் திறனுள்ள மின்தடை ஒன்றை இணைத்தால் போதும். நேர மாறிலி (மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் வருவது) 0.2 விநாடி, ஒரு விநாடி பிடித்திருந்தால் 100-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பிறகு வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணுக்கு வரும் ஆபத்து

நிறமாலைமானி சோதனையில் மாணவர் கவனமெல்லாம் வெர்னியர் அளவீட்டில் இருக்கும். ஒளிமூலத்தைப் பற்றி இரண்டு செய்திகள்.

பாதரச ஆவி விளக்கு 435.8, 546.1 நானோமீட்டர் என்று நாம் அளக்கும் கோடுகளோடு, கண்ணுக்குத் தெரியாத 253.7 நானோமீட்டர் புறஊதாக் கதிரையும் உண்டாக்குகிறது. விளக்கின் வெளிக்கண்ணாடி அதைத் தடுக்கிறது. அந்த வெளிக்கண்ணாடி உடைந்துபோனாலும், உள்ளே இருக்கும் சிறு குழாய் தொடர்ந்து எரியக்கூடும். ‘எரியுதுல்ல, தேர்வு முடியட்டும்’ என்று விட்டால், அன்று இரவு மாணவர்களுக்குக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி வலிக்கும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங்கைப் பார்த்தவர்களுக்கு வருவதும் இதுவே. பல மணி நேரம் கழித்தே வலி தொடங்குவதால் காரணத்தை யாரும் ஆய்வகத்தோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. அணைத்த விளக்கு ஆறாமல் மீண்டும் எரியாது. எரியவில்லையே என்று மூடியைத் திறந்து தட்டிப் பார்ப்பதும் கூடாது. சோடியம் விளக்கு உடைந்தால், அதில் தண்ணீர் படக்கூடாது.

அடுத்தது லேசர். 1 மில்லிவாட் என்பது கேட்பதற்கு ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். சாதாரண பல்பின் ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது. லேசர் இணைக்கற்றையாக வருவதால் கண்வில்லை அதை விழித்திரையில் 20 மைக்ரோமீட்டர் அகலப் புள்ளியாகக் குவித்துவிடும். இருட்டறையில் 7 மில்லிமீட்டர் விரிந்த கண்பாவையோடு ஒப்பிட்டால், பரப்பு லட்சம் மடங்குக்கும் மேல் சுருங்குகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 3 வாட். சூரியனை நேரே பார்க்கும்போது விழித்திரையில் விழுவதைப் போல இது ஏறத்தாழ 20 மடங்கு. புள்ளி மிகச் சிறியது என்பதாலும், கால் விநாடியில் கண் தானாக மூடிக்கொள்ளும் என்பதாலும்தான் 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும் லேசர்கள் மாணவர் கையில் தரப்படுகின்றன.

லேபிளில் எழுதியிருப்பது உண்மையாக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். அமெரிக்காவின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம் 122 லேசர் பாயிண்டர்களை அளந்து 2013-இல் முடிவை வெளியிட்டது. பச்சை பாயிண்டர்களில் கிட்டத்தட்ட 90 சதவீதமும், சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு வரம்பை மீறியிருந்தன. பச்சையில் இன்னொரு சிக்கல்: உள்ளே 808 நானோமீட்டர் அகச்சிவப்பு, 1064 ஆகி, பிறகு பாதியாகி 532 பச்சையாக வருகிறது. மலிவான பாயிண்டரில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிப்பான் இல்லையென்றால், பச்சை மங்கலாகத் தெரியும்போதும் கண்ணுக்குத் தெரியாத கதிர் தாராளமாக வந்துகொண்டிருக்கும். தெரியாத ஒளிக்குக் கண் இமைக்காது. தெருவோரக் கடையில் வாங்கிய பச்சை பாயிண்டரைக் கீற்றணி (நுண்கோடுகளால் ஒளியைப் பிரிக்கும் தகடு) சோதனைக்குப் பயன்படுத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

லேசர் மேசையில் பின்பற்ற வேண்டியவை சில: கற்றை உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் ஓடக்கூடாது, கடிகாரமும் வளையலும் கழற்றப்பட வேண்டும், அவை கண்ணாடிபோல எதிரொளிக்கும், கற்றையின் முடிவில் கறுப்பு அட்டை, தொலைநோக்கி வழியாக லேசரைப் பார்ப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது, முடிந்தால் அறை விளக்கு எரியட்டும்.

உருண்டோடும் பாதரசம்

வெப்பமானி உடைந்தால், வெள்ளிக் குண்டுகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்க்காத மாணவர் அரிது. உலோகப் பாதரசம் தோலில் பட்டதும் விஷமாகிவிடாது. ஆபத்து அதன் ஆவியில். 20 டிகிரியில் மூடிய அறையின் காற்று பாதரச ஆவியால் நிறைந்தால், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 13 மில்லிகிராம் இருக்கும். வேலையிடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 0.025 மில்லிகிராம். நம் மே மாதத்து 35 டிகிரியில் ஆவியழுத்தம் மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. மேசை இடுக்கில் ஒளிந்த துளிகள் ஆண்டுக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கொடைக்கானலில் இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டதன் பின்னணியில் இருந்ததும் இதே உலோகம்தான். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2017-இல் நடைமுறைக்கு வந்தது.

சிந்தினால் துடைப்பம் கூடாது, அது ஒரு துளியை நூறாக்கும். வாக்குவம் கிளீனர் அதைவிட மோசம். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்தி, இரண்டு அட்டைகளால் துளிகளை ஒன்றுசேர்த்து, சொட்டுக் குழாயால் உறிஞ்சி, மூடியுள்ள பாட்டிலில் அடைக்க வேண்டும். மிஞ்சியதை ஒட்டும் நாடாவால் எடுத்து, இடுக்குகளில் கந்தகப் பொடி தூவலாம். கழுவுதொட்டியில் ஊற்றவே கூடாது.

விழுவதும் சுடுவதும்

இவற்றைக் கண்ணால் காணலாம் என்பதால் சுருக்கமாக. எடை தொங்கவிட்டு ஒரு பொருளின் மீள்தன்மையை அளக்கும் யங் குணகச் சோதனையில் 5 கிலோ எடை 0.8 மீட்டர் மேசையிலிருந்து விழுந்தால் 39 ஜூல். மேலே பார்த்த மின்தேக்கியைப் போல ஐந்து மடங்கு, அது வந்து இறங்குவது கால் விரலில். எடைத்தாங்கியின் கீழே மணல் தட்டு வைத்தால் முடிந்தது. இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை அளக்கும் சுரமானியின் கம்பியில் சேமித்த ஆற்றல் மிகக் குறைவு, ஆனால் அறுந்த முனை சாட்டைபோல் முகத்துக்கு வரும். கம்பியின் அதிர்வைக் காட்டும் காகிதத் துண்டைக் குனிந்து பார்க்கிறவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். வெப்பக் கடத்தலை அளக்கும் லீ வட்டு சோதனையில் கொதிகலனின் ரப்பர் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 கிராம் நீராவி தோலில் குளிரும்போது 2,260 ஜூல் உள்ளுறை வெப்பத்தை அங்கேயே இறக்கிவிடும். அதனால்தான் கொதிநீரைவிட நீராவி கொடுமையாகச் சுடுகிறது.

பட்டறை இணைந்த ஆய்வகங்களில் பின்னலும் துப்பட்டாவும் தனிக் கவனம் வேண்டுபவை. 2011 ஏப்ரலில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இரவு நேரத்தில் தனியாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்துகொண்டிருந்த இயற்பியல் மாணவி ஒருவர், தலைமுடி சிக்கி இறந்தார். இயந்திரத்தை நிறுத்தப் பக்கத்தில் இன்னொருவர் இல்லை. ஆய்வகத்தில் தனியாக இருக்கக்கூடாது என்ற விதிக்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

பீரோவில் மறந்துபோனவை

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில், 1980-களின் நடுவிலிருந்து பயன்படாமல் கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010 பிப்ரவரியில் பழைய சாமான் என்று ஏலம் விடப்பட்டது. டெல்லியின் மாயாபுரிப் பகுதியில் உள்ள பழைய இரும்புக் கடைகளில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது கோபால்ட்-60. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. 25 ஆண்டு சும்மா கிடந்ததால் கதிரியக்கம் ஏறத்தாழ 27-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த மிச்சமே ஒருவர் உயிரைக் குடித்து, வேறு சிலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. பல்கலைக்கழகமே தன் பாடத்தை மறந்துபோன நிகழ்ச்சி அது.

பி.எஸ்சி. ஆய்வகங்களில் கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் எண்ணியோடு பயன்படுத்தும் கதிரியக்க மூலங்கள் அதோடு ஒப்பிட முடியாத அளவு வலுக்குறைந்தவை. தூரத்தின் இருமடி விதிப்படி, 1 சென்டிமீட்டரில் பிடிப்பதற்கும் 10 சென்டிமீட்டர் இடுக்கியால் பிடிப்பதற்கும் 100 மடங்கு வேறுபாடு. கையாளும் மாணவருக்கு இவ்வளவு போதும். பெரிய கேள்வி பதிவேட்டைப் பற்றியது: எந்த மூலம், எந்தப் பூட்டில், கடைசியாக யார் எடுத்தார். பணி ஓய்வு பெறும் ஆய்வக உதவியாளரோடு இந்தத் தகவலும் ஓய்வு பெற்றுவிடக்கூடாது. பழைய பாதரச பாரோமீட்டர்களுக்கும் பெயர்த்தாள் உதிர்ந்த பாட்டில்களுக்கும் இது பொருந்தும்.

ஷாக் அடித்தால் முதல் சில நிமிடங்கள்

1. ஆளைத் தொடாதீர்கள். மெயின் சுவிட்ச் எங்கே என்று ஆய்வகத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் அதை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ கொண்டு ஒயரைத் தள்ளுங்கள்.
2. 108-ஐ அழைக்க ஒருவரைப் பெயர் சொல்லி அனுப்புங்கள். ‘யாராவது போன் பண்ணுங்க’ என்றால் யாரும் பண்ணமாட்டார்கள்.
3. நினைவும் இல்லை, இயல்பான மூச்சும் இல்லை என்றால், மார்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்த வேண்டாம். நடுங்கும் இதயம் தானாகச் சரியாவது அரிது. இதயத் துடிப்பைச் சீராக்கும் மருத்துவக் கருவி வரும்வரை மூளைக்கு ரத்தம் போக இது ஒன்றே வழி.
4. எழுந்து உட்கார்ந்து ‘ஒண்ணுமில்ல சார்’ என்றாலும், மின்னோட்டம் மார்பைக் கடந்திருக்க வாய்ப்பிருந்தால் மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.
5. கருவி தீப்பிடித்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும்வரை தண்ணீர் ஊற்றக்கூடாது. கார்பன் டை ஆக்ஸைடு அணைப்பான் போதும்.

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் டெஸ்ட் என்று எழுதிய சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் உள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கி, கருவி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். செய்முறை வகுப்பு தொடங்குமுன் அதை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால், எலெக்ட்ரீஷியன் வந்து மாற்றும்வரை அன்று சுவர் பிளக்கில் எதையும் செருக வேண்டாம். உலர் மின்கலனில் மீட்டர் சமனச்சுற்றையும், கையால் ஆட்டி விடும் தனி ஊசலையும் செய்துகொள்ளலாம்.